சொல்தா சம்பளமும் மில் கூலியும்

பிரெஞ்சு ஆட்சிக் காலத்துப் புதுச்சேரியில், நிலமோ கடையோ இல்லாத வீட்டுப் பையன் மாதச் சம்பளம் பார்க்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பஞ்சாலை. மற்றொன்று பிரெஞ்சுப் பட்டாளத்தில் 'சொல்தா', அதாவது சிப்பாய், வேலை அல்லது பிரெஞ்சு இந்தோசீனாவின் சைகோனில் உத்தியோகம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்துக்கு அப்பால் எவற்றையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது விளங்கும்.

முதலில் நுழைவாயில். மில்லில் சேர ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. கடலூர் சாலையில் 1898இல் தோன்றிய ரோடியர் மில்லுக்கு முதலியார்பேட்டைக்காரர் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். வெளிநாட்டு வேலைக்கோ ஊரை விட்டே போக வேண்டும்; அதில் நன்றாக முன்னேற விரும்பியவர் இன்னும் பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி, தம் சமூகத்தின் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் புதிய குடும்பப் பெயரும் சூட்டிக்கொண்டார்கள். இதில் முன்னின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' ஆனார். சாதியின் பிடியிலிருந்து விலக வழி தேடிய பலருக்கு அது இழப்பாகத் தெரியவில்லை, விடுதலையாகவே தெரிந்தது. அப்படித் துறந்தவர்களில் பலர் இந்தோசீனாவில் காவலராகவும் சுங்க அலுவலராகவும் எழுத்தராகவும் வேலை பார்த்தார்கள்.

அடுத்தது வருமானமும் உரிமையும். சொல்தாவின் சம்பளத்தைப் பதவியும் பணிக்காலமும் முடிவு செய்தன. பேரம் பேச வேண்டிய தேவை இல்லை. ஓய்வு பெற்றால் பென்ஷன், அவருக்குப் பின் மனைவிக்கும் ஒரு பங்கு. மில் தொழிலாளி ஒவ்வொன்றையும் போராடித்தான் பெற்றார். 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். வ. சுப்பையா போன்ற தலைவர்களின் தொடர் முயற்சியால், அடுத்த ஆண்டு வந்த ஆணை 8 மணி நேர வேலையையும் சங்கம் வைக்கும் உரிமையையும் சட்டமாக்கியது. சொல்தாவுக்குக் கிடைத்தது அவர் குடும்பத்தோடு நின்றது. தொழிலாளி வென்றதோ மில் வாசலை மிதிக்காதவருக்கும் சேர்ந்தது.

மூன்றாவது ஆயுள். 1954இல் ஆட்சி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்கு மாறியது. புதுச்சேரியை முறைப்படி ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது. விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றது அது. அப்படி வைத்துக்கொண்ட குடும்பங்களுக்கு, பேரரசு போன பிறகும் பென்ஷன் வந்தது. பிள்ளைகளுக்குக் குடியுரிமை, பிரெஞ்சு மொழி, பாரீசில் வேலை தேடும் வாய்ப்பு எல்லாம் சொத்தாக இறங்கின. ரோடியர் மில்லின் கதை வேறு. நலிந்து நின்ற ஆலையை அரசு ஏற்று நடத்தியது. 2011இல் 'தானே' புயல் அதை உலுக்கியது; 2020இல் அது மூடப்பட்டது. தறி ஓட்டிய கைக்குத் தெரிந்த நுணுக்கம் அந்தத் தறியோடு கட்டுண்டிருந்தது. இன்னொரு வேலைக்கு அதை எடுத்துச் செல்வது கடினம்.

பணத்தை மட்டும் பார்த்தால் சொல்தா வென்றார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வெற்றிக்கு வேறொரு நாட்டின் சண்டைகளில் உயிரைப் பணயம் வைத்ததும், பிள்ளைகள் வளர்வதைப் பாராமல் கழித்த ஆண்டுகளும் விலை. மில் தொழிலாளிக்கு வீடும் தெருவும் தோழமையும் அருகிலேயே இருந்தன. தன் உழைப்புக்கான சட்டத்தைத் தானே எழுத வைத்த பெருமிதமும் இருந்தது. அவரைக் கைவிட்டது உழைப்பு அல்ல, ஆலை.

இன்று புதுச்சேரியில் படித்து வெளிவரும் பிள்ளை சென்னை மென்பொருள் நிறுவனத்தையோ அரசுத் தேர்வையோ வெளிநாட்டையோ எடைபோடும்போது, இந்த இரு வழிகளும் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்கின்றன. இந்தச் சம்பளத்துக்குப் பின்னால் நிற்பது யார், எத்தனை காலம் நிற்பார்? நான் கற்கும் திறன் இந்த இடம் மூடினாலும் என்னோடு வருமா? குறை வந்தால் பேசச் சேர்ந்து நிற்க ஆள் உண்டா? முதல் கேள்விக்கு சொல்தாவிடமும் மூன்றாவதற்கு மில் தொழிலாளியிடமும் நல்ல பதில் இருந்தது. மூன்றுக்கும் பதில் சொல்லும் வேலை அரிது. எதற்குப் பதில் இல்லையோ, அதைத் தெரிந்தே சேர்வது விவேகம்.