வாசலுக்கு வெளியே ஒரு கேள்வி



பங்குப்பேரவை எங்கே கூடினாலும் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "இளைஞர்கள் ஏன் சாமி கோவிலுக்கு வருவதில்லை?" இதற்கு நாமும் பல வழிகளைத் தேடிப் பார்த்துவிட்டோம். பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாங்கினோம். பீடத்தின் அருகே திரை வைத்தோம். மறையுரையைக்கூடச் சுருக்கினோம். சில வாரங்கள் கூட்டம் வந்தது. பிறகு பழையபடி அவர்கள் மரத்தடியில் பைக்கில் சாய்ந்து நின்றார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் பெல்ஜியம் நாட்டில் ஓர் உதவிப் பங்குத்தந்தை இதே கவலையோடு வேறொரு கேள்வியைக் கேட்டார். அவரது வரலாற்றை இன்று எண்ணிப் பார்ப்போம்.

அவர் பெயர் ஜோசப் கார்டைன். 1882ஆம் ஆண்டு பிரசல்ஸ் நகரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். அவர் தந்தை நிலக்கரி வணிகம் செய்தவர். பள்ளித் தோழர்கள் சிறுவயதிலேயே ஆலை வேலைக்குப் போனார்கள். ஜோசப் குருமடத்திற்குப் போனார். விடுமுறையில் வீடு திரும்பியபோது, முன்பு ஒன்றாகக் கோவிலுக்கு வந்த அதே தோழர்கள் அவரை அந்நியராகப் பார்த்தார்கள். திருச்சபை முதலாளிகளின் பக்கம் நிற்கிறது, குருவாகப் போகிறவனும் அந்தப் பக்கம் போய்விட்டான் என்று அவர்கள் எண்ணினார்கள். அந்தக் காயம் அவர் மனதில் ஆறவே இல்லை. 1903ல் தந்தையின் மரணப் படுக்கையருகே, தொழிலாளர்களுக்காகவே வாழ்வேன் என்று உறுதி எடுத்தார். 1906ல் குருவானார்.

1912ல் அவர் பிரசல்ஸின் லாக்கன் பங்கிற்கு அனுப்பப்பட்டார். அரச மாளிகை இருக்கும் பகுதி அது. அரச குடும்பத்தினரின் கல்லறைகளும் அந்தப் பங்குக் கோவிலில்தான் உள்ளன. ஆனால் அதே பங்கில் தொழிலாளர் குடும்பங்களும் ஏராளம். கார்டைன் அவர்களைத் தேடிப் போனார். தையல் வேலை செய்த இளம்பெண்களையும், ஆலைகளில் உழைத்த இளைஞர்களையும் சிறு குழுக்களாகச் சேர்த்தார். 'ஏன் கோவிலுக்கு வருவதில்லை?' என்று அவர் தொடங்கவில்லை. 'உங்கள் வேலை எப்படி இருக்கிறது?' என்று தொடங்கினார். வேலை நேரம், கூலி, வேலையிடத்தில் அவர்கள் நடத்தப்படும் விதம் எல்லாம் அந்தக் குழுக்களில் பேசப்பட்டன.

இப்படிப் பிறந்ததுதான் 'பார், தீர்மானி, செயல்படு' என்ற முறை. முதலில், நடப்பதை உள்ளபடி பார்க்க வேண்டும். பிறகு, நற்செய்தியின் ஒளியில் அதை எடைபோட வேண்டும். முடிவில், தம்மால் இயன்ற ஒரு செயலைச் செய்தே ஆக வேண்டும். குழுவை நடத்தியவர்கள் இளைஞர்களே. குரு உடனிருந்து வழிகாட்டினார். 1925ல் இது இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கமாக உருப்பெற்றது. இதற்குத் திருச்சபைக்குள்ளேயே தயக்கமும் எதிர்ப்பும் இருந்தன. ஆயினும், அதே ஆண்டு உரோமையில் கார்டைனைச் சந்தித்த திருத்தந்தை 11ம் பயஸ் அவருக்கு ஊக்கம் அளித்தார்.

இளைஞர்களை நம்பிப் பொறுப்பைக் கொடுத்தால் அவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள்? இயக்கத்தின் முதல் தோழர்களான பெர்னாண்ட் தொனே, பால் கார்சே இருவரையும் நாத்சிகள் சிறைப்பிடித்தார்கள். இருவரும் 1945ல் டாஹாவ் வதைமுகாமில் உயிர் நீத்தார்கள். பொழுதுபோக்குக்காகச் சேர்த்த கூட்டமாக இருந்திருந்தால் அவர்கள் இவ்வளவு தூரம் வந்திருப்பார்களா?

லாக்கனில் தொடங்கிய அந்த முறையைப் புனித 23ம் யோவான் 1961ல் தமது சுற்றுமடலில் திருச்சபை முழுவதற்கும் பரிந்துரைத்தார். இளைஞருக்கு நற்செய்தி கொண்டு செல்வதில் இளைஞர்களே முதல்வராக வேண்டும் என்று 1965ல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் கற்பித்தது. அதே ஆண்டு புனித 6ம் பவுல் கார்டைனைக் கர்தினாலாக உயர்த்தினார். 1967ல் அவர் இறைவனடி சேர்ந்தார். நம் பள்ளிகளில் பலர் அறிந்த இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கமும் இதே முறையில்தான் நடக்கிறது.

அன்பர்களே, எம்மாவு வழியில் நம் ஆண்டவர் செய்ததும் இதுதானே? எருசலேமை விட்டு விலகிப் போன இருவரை அவர் திருப்பி அனுப்பவில்லை. அவர்கள் போன திசையிலேயே கூட நடந்தார். அவர்கள் எதைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகிறார்கள் என்று முதலில் கேட்டார்; மறைநூலை விளக்கியது அதற்குப் பிறகுதான். அப்பம் பிட்டபோது அவர்கள் கண்கள் திறந்தன. அன்றிரவே எருசலேமுக்குத் திரும்பினார்கள்.

மரத்தடியில் நிற்கும் நம் பிள்ளை நேற்று இரவு ஷிப்டு முடித்து வந்தவனா? படிப்புக்கு வாங்கிய கடனை நினைத்துத் தூக்கம் இழந்தவளா? நம் தெருவில் கட்டட வேலை செய்யும் வெளிமாநில இளைஞனின் பெயராவது நமக்குத் தெரியுமா? இவை தெரியாமல் கிட்டாரை மட்டும் மாற்றி என்ன பயன்? கிட்டார் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதை வாசிக்கும் பிள்ளையின் வாழ்க்கையை அறிந்துகொள்வோம் என்கிறோம்.

இந்த வாரம் ஒரே ஒரு முயற்சி செய்வோம். கோவிலுக்கு வராத ஓர் இளைஞரிடம் போய், 'ஏன் வரவில்லை?' என்று கேட்காமல், 'எப்படி இருக்கிறாய் தம்பி?' 'எப்படியம்மா இருக்கிறாய்?' என்று கேட்போம். பதில் முடியும்வரை குறுக்கிடாமல் கேட்போம். குருக்களாகிய நாமும் இதிலிருந்து விலக்கு அல்ல. அடுத்த பங்குப்பேரவைக் கூட்டத்தில், கேட்டதை ஒருவருக்கொருவர் சொல்வோம். அந்த இளைஞரையும் அழைத்து அமர்த்துவோம். எம்மாவு வழியில் உடன் நடந்த ஆண்டவர் நம்மோடும் நடப்பாராக. ஆமென்.