அணையாத் திரை: கணினித் திரை தானாக அணைவதைத் தடுக்கும் முறைகளின் வளர்ச்சி

கணினித் திரையைத் தானாக அணையவைக்கும் ஏற்பாடும் அதை அணையவிடாமல் தடுக்கும் உத்திகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை. இவை இரண்டுக்கும் இடையே நாற்பதாண்டுகளுக்கு மேலாக நீடிக்கும் இழுபறிக்குக் காரணம், விசைப்பலகையிலும் மவுசிலும் அசைவு இல்லாவிட்டால் திரைக்கு முன்னால் ஆளே இல்லை என்று கணினி முடிவுகட்டிவிடுவதுதான். திரைப்படம் பார்ப்பவரும் நீண்ட கட்டுரை படிப்பவரும் கையை அசைப்பதில்லை. கண் விழித்திருப்பதைக் கணினிக்குத் தெரிவிக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் வெவ்வேறு விடை கண்டது.

பழைய மானிட்டர்கள் எதிர்மின்கதிர்க் குழாயால் ஆனவை. எலெக்ட்ரான் கற்றை மோதும்போது ஒளிரும் பாஸ்பர் என்ற பூச்சு அக்குழாயின் உட்புறத்தில் பூசப்பட்டிருக்கும். ஒரே உருவம் மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் அந்த இடத்துப் பூச்சு மட்டும் விரைவில் தேய்ந்து, திரையை அணைத்த பின்னும் உருவத்தின் தடம் மங்கலாகத் தெரியும். 1979ஆம் ஆண்டு வெளிவந்த அடாரி 400, அடாரி 800 ஆகிய கணினிகள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைக்கப்பட்டதால், இத்தேய்மானத்தைத் தவிர்க்கும் ஏற்பாடு அவற்றின் இயங்குதளத்திலேயே சேர்க்கப்பட்டது. நினைவகத்தின் 77ஆம் முகவரியில் இருந்த எண், ஏறத்தாழ நான்கு வினாடிக்கு ஒருமுறை ஒன்று கூடும். எந்த விசையையாவது அழுத்தினால் அது பூச்சியத்துக்குத் திரும்பும். யாரும் அழுத்தாமல் 127ஐக் கடந்துவிட்டால், அதாவது சுமார் ஒன்பது நிமிடத்தில், திரையின் ஒளி குறைந்து நிறங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஜாய்ஸ்டிக்கை அசைப்பதை இந்தக் கணக்கு பொருட்படுத்தவில்லை. எனவே ஒருவர் மும்முரமாக விளையாடிக்கொண்டிருக்கும்போதே நிறங்கள் மாறத் தொடங்கின. விளையாட்டு எழுதிய நிரலாளர்கள் 'போக் 77,0' என்ற பேசிக் மொழிக் கட்டளையை நிரலுக்குள் ஆங்காங்கே செருகி அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பூச்சியமாக்கினர். பின்னர் வந்த உத்திகள் பலவற்றின் உட்கருத்தை இந்த ஒற்றை வரியிலேயே காணலாம்.

ஐபிஎம் கணினிக்கு ஜான் சோச்சா எழுதிய திரைக்காப்பு நிரல் 1983 டிசம்பரில் 'சாஃப்டாக்' இதழில் வெளிவந்தது. மூன்று நிமிடம் அசைவில்லையென்றால் அது திரையை வெறுமையாக்கியது. 1989இல் வந்த 'ஆஃப்டர் டார்க்' என்ற திரைக்காப்பான் சிறகு முளைத்த ரொட்டி வாட்டிகளைத் திரையில் பறக்கவிட்டுப் புகழ்பெற்றதோடு, காப்பு என்ற நோக்கத்தைக் கேளிக்கையாகவும் மாற்றிவிட்டது.

திருப்புமுனை 1992இல் வந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தொடங்கிய 'எனர்ஜி ஸ்டார்' திட்டம் முதலில் கணினிகளையும் மானிட்டர்களையுமே எடுத்துக்கொண்டது. அமெரிக்கக் கூட்டாட்சி அலுவலகங்கள் அத்தகுதி பெற்ற கணினிகளையே வாங்க வேண்டும் என்று 1993 ஏப்ரலில் அதிபர் கிளிண்டன் ஆணையிட்டார். பூச்சைக் காப்பது பின்னுக்குப் போய், மின்சாரத்தைச் சேமிப்பது முதன்மை பெற்றது. அதே 1993இல் வீசா என்ற காணொளி மின்னணுத் தரநிலைச் சங்கம் வகுத்த டிபிஎம்எஸ் முறை, மானிட்டருக்குத் தனிக் கட்டளை எதையும் அனுப்பவில்லை. படத்தின் வரிகளையும் சட்டங்களையும் ஒழுங்குபடுத்தும் கிடைமட்ட, செங்குத்து ஒத்திசைவுத் துடிப்புகளில் ஒன்றைக் கணினி நிறுத்தினால் மானிட்டர் அரைத் தூக்கத்துக்கும், இரண்டையும் நிறுத்தினால் ஏறக்குறைய முழு அணைவுக்கும் சென்றது.

திரைக்காப்பானும் மின்சேமிப்பும் வெவ்வேறு கடிகாரங்களைக் கொண்டு இயங்கியதால், ஒன்றைத் தடுத்தவர்கள் மற்றொன்றிடம் சிக்கினர். லினக்ஸ் போன்ற இயங்குதளங்களின் எக்ஸ் சாளர முறையில் திரையை வெறுமையாக்குவதைத் தடுக்க ஒரு கட்டளையும், டிபிஎம்எஸ்ஸை நிறுத்த இன்னொன்றும் தேவைப்பட்டன. விண்டோஸில் திரை தேவை என்று நிரல் அறிவிப்பதற்குரிய செயற்கூறு மானிட்டர் அணைவதைத் தடுத்தாலும் திரைக்காப்பானைத் தடுப்பதில்லை. லினக்ஸ் உலகில் எம்பிளேயர் என்ற காணொளி இயக்கி, முப்பது வினாடிக்கு ஒருமுறை வெளிக்கட்டளை ஒன்றை இயக்கும் வசதியைத் தந்திருந்தது. அதைக்கொண்டு பயனர்கள் படம் ஓடும்போதெல்லாம் திரைக்காப்பானைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தனர். ஆள் இருப்பதாகப் பாசாங்கு செய்வதில் இது அடாரியின் 77ஆம் முகவரியிலிருந்து அதிகம் விலகிவிடவில்லை. பின்னர் லினக்ஸ் மேசைத்தளங்களில் பரவிய பொது இடைமுகத்தில்தான் நிரல் தன் பெயரையும் காரணத்தையும் சொல்லித் தடை கோரியது. தளம் ஓர் எண்ணை அடையாளச் சீட்டாகத் தந்தது. வேலை முடிந்ததும் அச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துத் தடையை நீக்க வேண்டும். இந்த வரலாற்றில் உண்மையான முன்னேற்றம் என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால், பாசாங்கு கோரிக்கையாக மாறிய இந்த இடத்தைத்தான் சுட்ட வேண்டும். 2012இல் மேக் இயங்குதளத்தின் 10.8 பதிப்பில் வந்த 'காஃபினேட்' கட்டளையும் 2021இல் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பில் சேர்ந்த 'அவேக்' கருவியும் அதே கோரிக்கையைப் பயனர் கைக்கே கொண்டுவந்தன.

ஆனால் அலுவலகங்களில் திரை அணைவதோடு கடவுச்சொல் பூட்டும் சேர்ந்துகொண்டபோது மின்சாரப் பிரச்சினை பாதுகாப்புப் பிரச்சினையாகியது. பூட்டு நிர்வாகக் கொள்கையாக விதிக்கப்பட்ட கணினியில் நிரலின் மறுப்பையும் மீறித் திரைக்காப்பான் தொடங்கும்படி விண்டோஸ் பின்னர் மாற்றப்பட்டது. அமைப்புப் பலகையைத் தொட உரிமையில்லாத ஊழியர்கள் மவுசை லேசாக ஆட்டிக்கொண்டே இருக்கும் சிறு கருவிகளை நாடினர். கோரிக்கை மறுக்கப்பட்ட இடத்தில் பாசாங்கு திரும்பியது வியப்புக்குரியதன்று. இதற்கிடையே ஓஎல்இடி திரைகளில் உருவத்தடம் பதியும் பழைய தொல்லையும் மீண்டும் தலைகாட்டியது.

கைப்பேசி உலாவியில் சமையல் குறிப்பு படிப்பவருக்காக, கண்ணில் படாத காணொளி ஒன்றை ஓடவிட்டுத் திரையை விழித்திருக்கச் செய்த வலைப்பக்கங்களும் உண்டு. 2020இல் குரோம் 84ஆம் பதிப்பில் வந்த திரை விழிப்புப் பூட்டு என்ற இடைமுகம் இத்தந்திரத்தைத் தேவையற்றதாக்க முயன்றது. பக்கம் கண்ணுக்குத் தெரியும்வரைதான் அந்தப் பூட்டு செல்லும். மின்கலம் குறைவாக இருந்தால் உலாவி அதை மறுக்கவும் செய்யலாம். பயனர் வேறு பக்கத்துக்குப் போனால் அது தானாகவே விலகிவிடும் என்பதால், அவர் திரும்பி வரும்போது நிரல் மீண்டும் முதலிலிருந்து அனுமதி கேட்க வேண்டும்.