சேப்பாக்கத்தின் கைதட்டல்

உக்கடத்திற்குக் கிழக்கே, ஒண்டிப்புதூரில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் அமைப்பதாக 2024 தேர்தலின்போது கோவைக்கு வாக்களிக்கப்பட்டது. அதை எண்ணுகையில் சேப்பாக்கமே நினைவில் எழுகிறது.

1916இல் தோன்றிய அம்மைதானத்தில்தான் 1952இல் இங்கிலாந்தை வீழ்த்தி இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. 2011இல் வெண்கூரை வேய்ந்த மூன்று புதிய கேலரிகள் எழுந்தன. 2023இல் கலைஞர் பெயரில் மற்றொன்று.

ஆயினும் அதன் பெருமை வசதிகளில் மட்டும் இல்லை. 1999 ஜனவரி 31 அன்று, டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் குவித்தும் பாகிஸ்தானிடம் 12 ஓட்டங்களில் இந்தியா தோற்றது. தோல்வியின் துயரை விழுங்கிக்கொண்டு ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தை வலம்வந்தார்கள்.

இருக்கையும் கூரையும் கோவைக்கும் வாய்க்கலாம். முன்பின் அறியாதவரையும் ‘ஏனுங்க’ என்று விளிக்கும் கொங்கு மண்ணில் அந்தக் கைதட்டலும் ஒலிக்க வேண்டும்.