மிருதங்கத் தோலில் மணற்கோலம்

வீணையின் தந்தியை மீட்டினால் ஒரு தொனி மட்டும் எழுவதில்லை. அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு மீடிறன் கொண்ட நுண்ணொலிகளும் உடனெழுகின்றன. மேற்றொனிகள் எனப்படும் இவை முழுவெண் மடங்குகளாக இயைந்து நிற்பதாற்றான் சுரம் தெளிவாகச் செவியில் விழுகின்றது. வட்டமாக இழுத்துக் கட்டிய தனித்தோலுக்கோ அப்பேறு இல்லை. அதன் மேற்றொனிகள் 1.59, 2.14, 2.30 மடங்குகளாகச் சிதறிக் கிடக்கும். ஆகவேதான் அதில் முழக்கம் உண்டு, சுரம் இல்லை. கணக்கு இப்படிச் சொல்ல, மிருதங்கமோ பாடகரின் ஆதார சுருதியோடு பிசகின்றி இணைந்து ஒலிக்கின்றது. இது எங்ஙனம் கூடும்?

திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன் இக்கேள்வியைக் கல்கத்தாவில் எடுத்துக்கொண்டார். 1920ஆம் ஆண்டில் அவரும் குமார் என்னும் ஆய்வாளரும் 'நேச்சர்' ஏட்டிலே சுருக்கமாக விடையளித்தனர். விரிவான கட்டுரை 1934இல் வெளிவந்தது.

அவர் கையாண்ட முறை மிக எளியது. தோலின்மீது நுண்மணலைத் தூவி, வாசிப்பவர் தட்டுவதுபோலவே தட்டினார். அதிரும் இடங்களிலிருந்து மணல் துள்ளி விலகி, அசையாத கோடுகளிலே சென்று படிந்தது. மோதிரவிரல் தோலை மெல்லத் தொட்டிருக்க, சுட்டுவிரல் விளிம்பைத் தட்டும் அடியில், தொட்ட இடத்தினூடே ஒரு விட்டம் அசைவற்று நின்றது; அடித்தொனி அடங்கி, அதன் இருமடங்கு ஒலித்தது. தலைமுறை தலைமுறையாக மாணாக்கர் குருவிடம் கற்ற விரல்வைப்பு, ஓர் ஆய்வுகூடச் செய்கையாகவே இருந்தது! ஒன்பது வகை அதிர்வுகள் தம்முட் கூடி ஐந்தே சுரங்களாக, 1, 2, 3, 4, 5 என்ற விகிதத்தில் அமைவதை இராமன் கண்டார்.

இவ்வித்தையின் மூலம் நடுவிலுள்ள கரணையே. இரும்புத்தாது கலந்த கல்லைப் பொடியாக்கிச் சோற்றுடன் பிசைந்து, மெல்லிய பூச்சாக இட்டுக் கல்லால் தேய்த்து, உலர்ந்தபின் மேலும் ஒரு பூச்சு இடுவர். நடுவிற் பாரம் ஏறுவதனால் அடித்தொனி மிகத் தாழ்கின்றது. நடுப்பகுதி அவ்வளவாக அசையாத அதிர்வுகள் அத்துணை தாழ்வதில்லை. இடைவெளி விரிந்து, 1.59 என்பது இரண்டை எட்டுகின்றது. பூச்சு மிகுந்தாலும் குறைந்தாலும் இயைபு கெடும். எங்கே நிறுத்துவது என்பதை மிருதங்கம் கட்டுவோர் செவியினாலேயே அறிந்தனர். சமன்பாடு எதுவும் அவர் கையில் இருக்கவில்லை. இதனை முதலிற் கண்டவர் யாரென்று வரலாறு சொல்லவில்லை. தோலுரித்தலும் பதனிடுதலும் தாழ்ந்த தொழிலெனத் தள்ளிவைத்த சமூகத்திலே அப்பெயர் பேணப்படாதது வியப்புமன்று.

கரணையிட்ட தோலின் அதிர்வுகளைக் கணித வழியாகத் தீர்த்து, இராமனின் முடிவுக்கு வலிவூட்டிய ஆய்வை 1954இல் இராமகிருஷ்ணா, சோந்தி என்னும் இருவர் வெளியிட்டனர். கரணையோ அடிபட்டு அடிபட்டுப் பொரிந்து உதிர்வது. உதிர்ந்ததும் மிருதங்கம் மீண்டும் அதைக் கட்டுபவரிடமே செல்கின்றது. அவர் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, முதற் பூச்சிலிருந்து தொடங்குகின்றார்.