சென்னை மூர் மார்க்கெட்: ஒரு வரலாற்றுப் பார்வை

 

சென்னை சென்ட்ரலில் புறநகர் ரயில் ஏறும் நம் பிள்ளைகள் ‘மூர் மார்க்கெட்’ என்பதை ஒரு ரயில் நிலையத்தின் பெயராக மட்டுமே அறிந்திருக்கின்றனர். ஏறத்தாழ 85 ஆண்டுகள் எளியோரின் சந்தையாக விளங்கிய கட்டடத்தின் பெயர் அது என்பதை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பிராட்வேயில் இருந்த பாப்பம் சந்தையில் நெரிசலும் அசுத்தமும் மிகுந்தமையால் மாற்றிடம் தேவைப்பட்டது. மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898-இல் அடிக்கல் நாட்டினார். 1900-இல் ஆளுநர் சர் ஆர்தர் ஹேவ்லாக் கட்டடத்தைத் திறந்து வைத்தார். நடுவில் முற்றம், சுற்றிலும் செங்கல்லால் எழுந்த கமான்கள் என அமைந்த இப்பாணியை ‘இந்தோ-சாரசனிக்’ என்பர். சாரசன் என்பது ஐரோப்பியர் முஸ்லிம்களைக் குறிக்க வழங்கிய பழஞ்சொல். பள்ளிவாசல்களிலும் கோட்டைகளிலும் நம் முன்னோர் எழுப்பிய கமான்களே ஆங்கிலேயர் கையால் கடைவீதிக்கு வந்து சேர்ந்தன எனலாம்.

இறைச்சியும் காய்கறியும் விற்கத் தொடங்கிய இடம், காலப்போக்கில் பழைய புத்தகங்கள், இசைத்தட்டுகள், பொம்மைகள், பறவைகள் என விரிந்தது. முழு விலை கொடுக்க இயலாத மாணவர்க்குப் புத்தகக் கடைகள் பேருதவியாயின. பத்து ரூபாய்ப் பொருளுக்கு ஐம்பது சொல்லிப் பேரம் பேசும் வழக்கமும் அங்கு இருந்தது. அதனை நாம் புகழ்வதற்கில்லை.

ரயில்வே விரிவாக்கத்திற்கு அந்நிலம் தேவை என்ற நிலையில், 1985 மே 30 அன்று சந்தை தீக்கிரையானது. தீயின் காரணம் பற்றி ஊரார் பலவாறு பேசினர். ஆதாரமின்றி எவர் மீதும் பழி சுமத்துவது நமக்கு ஆகுமானதன்று. ஆயினும், சிறு முதலீட்டில் பிழைத்தவர்களின் சரக்கு சாம்பலானது என்பதில் ஐயமில்லை.

வியாபாரிகளுக்கு அருகிலுள்ள அல்லிக்குளத்தில் கடைகள் கட்டித் தரப்பட்டன. கூரை கிடைத்தது, பழைய கூட்டம் கூடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருக்கிறதென்று பெட்டியுடன் நுழைந்த வெளியூர்ப் பயணிகளும், மக்கள் பூங்காவிலிருந்த ‘உயிர்க் காலேஜ்’ எனப்பட்ட மிருகக்காட்சி சாலைக்குப் பிள்ளைகளுடன் வந்தவர்களுமே அச்சந்தையின் வாடிக்கையாளர்கள். மிருகக்காட்சி சாலையோ வண்டலூருக்கு மாறி, அதே 1985-இல் அங்குத் திறக்கப்பட்டது. பயணியின் கால் தானாகச் செல்லும் வழியிலிருந்து கடை சற்றே விலகினாலும் வியாபாரம் படுத்துவிடும் என்பதை, பள்ளிவாசல் கடைகளை வாடகைக்கு விட்டு நிர்வகிக்கும் நம் போன்றோர் நன்கு அறிவோம். கடைக்காரர்களுக்கு மாற்றிடம் அளித்தவர்கள் சதுர அடியைக் கணக்கிட்டனர். நடமாட்டத்தைக் கணக்கிடவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

பழைய இடத்தில் புறநகர் ரயில் முனையம் எழுந்தது. அதன் முன்புறம், இடிந்த கட்டடத்தின் சிறு மாதிரி ஒன்று வைக்கப்பட்டது.