பழனி மலைகளில் ரத்தசோகையும் ஊட்டச்சத்து நிலையும்

ரத்தசோகை என்பது ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு, ஒருவரின் வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய வரம்புக்குக் கீழே இறங்கும் நிலை. இரும்புச்சத்துக் குறைவே இதன் தலையாய காரணம். ஃபோலிக் அமிலம், பி12 வைட்டமின் ஆகியவற்றின் குறைவும், குடற்புழுக்களும், நாட்பட்ட நோய்களும், பரம்பரை ரத்தக் கோளாறுகளும் பிற காரணங்கள். பழனி மலைகளில் இக்குறைபாட்டை அளக்கும்போது வாழிடத்தின் உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சமவெளியில் நலம் எனக் கொள்ளப்படும் அளவு, கொடைக்கானலில் ரத்தசோகையாக இருக்கலாம்.

மலையும் உணவும்

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே பிரியும் பழனி மலைகளின் பெரும்பகுதி திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் முதலிய ஊர்கள் அமைந்த கீழ்மலையில் காபியும் மலைவாழையும் விளைகின்றன. கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர் முதலிய ஊர்களைக் கொண்ட மேல்மலையில் உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு, பீன்ஸ் ஆகியவை முக்கியப் பயிர்கள். கொடைக்கானல் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

மலைச்சரிவுகளில் வாழும் பளியர்கள் காட்டுவள்ளிக் கிழங்கு, தேன், கீரை, சிறு வேட்டை ஆகியவற்றை நம்பி வாழ்ந்த பழங்குடியினர். மலை விவசாயிகளிடம் கேழ்வரகு, சாமை, தினை சாகுபடி இருந்தது. காய்கறியும் பூண்டும் சந்தைப் பயிர்களாகப் பரவியபின் விளைச்சல் ஒட்டன்சத்திரம், வடுகப்பட்டிச் சந்தைகளுக்கு இறங்கியது. வீட்டு உலையில் ரேஷன் அரிசி முதலிடம் பிடித்தது. தீட்டிய அரிசியில் இரும்புச்சத்து குறைவு. தாவர உணவிலுள்ள இரும்பு, இறைச்சியில் உள்ளதைப்போல் எளிதில் உடலில் சேர்வதில்லை. சாப்பாட்டுடன் டீயோ காபியோ குடித்தால் இரும்பு உடலில் சேர்வது மேலும் குறையும். நெல்லிக்காய், கொய்யா, ஆரஞ்சு போன்ற வைட்டமின் சி நிறைந்த பழங்கள் அதைக் கூட்டும்.

உயரத் திருத்தம்

உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைந்து, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. அதை ஈடுகட்ட உடல் கூடுதலான சிவப்பணுக்களை உண்டாக்குவதால், மலைவாசிகளின் ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்று உயர்ந்திருக்கும். எனவே அளந்த எண்ணிலிருந்து ஒரு பகுதியைக் கழித்தபிறகே அதை வரம்போடு ஒப்பிட வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் பழைய விதி 2,000 மீட்டர் உயரத்துக்கு டெசிலிட்டருக்கு 0.8 கிராம் கழித்தது. 2024இல் வெளியான புதிய வழிகாட்டுதல் 2,000 முதல் 2,499 மீட்டர் வரை 1.4 கிராமும், 1,000 முதல் 1,499 மீட்டர் வரை 0.8 கிராமும் கழிக்கச் சொல்கிறது.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு வரம்பு 12 கிராம். கொடைக்கானலில் வாழும் ஒரு பெண்ணின் ஹீமோகுளோபின் 12.9 கிராம் என்றால், திருத்தாமல் பார்க்கையில் அவருக்குக் குறையில்லை. பழைய விதிப்படி 12.1, அப்போதும் தப்பிவிடுகிறார். புதிய விதிப்படி 11.5, லேசான ரத்தசோகை உள்ளவர் ஆகிறார். ஆகவே மலையில் எடுக்கப்பட்ட இரு ஆய்வுகளை ஒப்பிடுமுன், எந்த உயரத்தில், எந்த விதிப்படி திருத்தினார்கள் என்று பார்ப்பது அவசியம்.

வயதுவாரி நிலை

தமிழ்நாட்டு அளவில் பரந்த தரவைத் தருவது தேசிய குடும்பநல ஆய்வு. அதன் ஐந்தாம் சுற்று (2019–21) காட்டும் ரத்தசோகை விகிதங்கள்:

6–59 மாதக் குழந்தைகள்: 57.4%
15–19 வயதுப் பெண்கள்: 52.9%
15–49 வயதுப் பெண்கள்: 53.4%
கர்ப்பிணிகள்: 48.3%
15–19 வயது ஆண்கள்: 24.6%
15–49 வயது ஆண்கள்: 15.3%

குழந்தைகளில் விகிதம் மிகுந்திருப்பதற்குக் காரணம், ஆறு மாதத்துக்குப்பின் தாய்ப்பால் மட்டும் தரும் இரும்பு வளர்ச்சிக்குப் போதாமல்போவதே. இணை உணவு தாமதமானாலும் வெறும் கஞ்சியாகவே இருந்தாலும் குறைபாடு தொடங்கிவிடும். பதின்பருவத்தில் வேகமான வளர்ச்சி இருபாலருக்கும் தேவையைக் கூட்டுகிறது. பெண்களுக்கு மாதவிடாய் இழப்பும் சேர்கிறது. ஆண்களிடம் வளர்ச்சி முடிந்தபின் விகிதம் இறங்குகிறது, பெண்களிடம் இறங்குவதில்லை. கர்ப்பிணிகளின் விகிதம் குறைவாகத் தோன்றுவதற்கு இந்த ஆய்வில் அவர்களுக்கான வரம்பு 11 கிராமாக இருந்ததும் ஒரு காரணம்.

அதே ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 25% வயதுக்கேற்ற உயரமின்றியும், 14.6% உயரத்துக்கேற்ற எடையின்றியும், 22% வயதுக்கேற்ற எடையின்றியும் இருந்தனர். பெண்களில் 12.6% மெலிந்தவர்கள், 40.4% மிகை எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். எடை கூடியிருப்பது இரும்புச்சத்து நிறைவுக்குச் சான்றல்ல என்பது இந்த எண்களை ரத்தசோகை விகிதத்தோடு சேர்த்துப் பார்த்தால் விளங்கும்.

இந்த ஆய்வில் விரல்நுனி ரத்தமே சோதிக்கப்பட்டது. சிரை ரத்தத்தைச் சோதித்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு (2016–18), நாடு முழுவதும் 1–4 வயதில் 41%, 5–9 வயதில் 24%, 10–19 வயதில் 28% என்று குறைந்த விகிதங்களைக் கண்டது.

குடற்புழு

கொக்கிப்புழு குடலில் ஒட்டி ரத்தம் உறிஞ்சுகிறது. அதன் இளம்புழுக்கள் வெதுவெதுப்பான, ஈரமான, நிழல் படிந்த மண்ணில் வளர்ந்து வெறுங்காலின் தோல் வழியே நுழைகின்றன. இத்தகைய மண் மேல்மலைக் குளிரைவிடக் கீழ்மலையின் காபித் தோட்டங்களுக்கே பொருந்தும். கழிப்பறையும் காலணியும் இங்கு ரத்தசோகைத் தடுப்பின் பகுதிகளே.

தடுப்புத் திட்டங்கள்

1980இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், அன்றைய மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலில் செயல்பட்டது. கொடைக்கானலும் அப்போது அம்மாவட்டத்திலேயே இருந்தது. குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாதவர்களுக்கு மட்டும் கூடுதல் உணவு தருவது அதன் முறை. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பர் 15 அன்று தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான காலை உணவுத் திட்டமும் தொடங்கின.

2018இல் அறிவிக்கப்பட்ட ரத்தசோகையில்லா இந்தியா திட்டம் வயதுவாரியாக மருந்து தருகிறது: ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு வாரம் இருமுறை இரும்புச் சிரப்பு, பள்ளிப் பிள்ளைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் வாரம் ஒரு மாத்திரை, கர்ப்பிணிகளுக்கு இரண்டாம் மும்மாதம் முதல் தினமும் 60 மில்லிகிராம் இரும்பு. இதனுடன் குடற்புழு நீக்க மாத்திரையும் வழங்கப்படுகிறது. ரேஷனில் வரும் செறிவூட்டிய அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பும், ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும் உள்ளன.

விடுபடும் வயது

தேசிய குடும்பநல ஆய்வின் ரத்தசோகை அட்டவணைகளில் 5–14 வயதினரும் முதியோரும் இல்லை. முதியோரிடம் பி12 குறைவும், சிறுநீரக நோயும், உட்கசிவும் ரத்தசோகைக்குக் காரணமாகலாம்; அப்போது இரும்பு மாத்திரை மட்டும் போதாது. மலைக்கிராமங்களில் நடத்தும் ஆய்வு இவ்விரு பிரிவினரையும் சேர்த்து, திருத்துமுன் கிடைத்த அளவையும் ஊரின் உயரத்தையும் பதிவுசெய்தால், பின்னாளில் விதி மாறினாலும் அதன் முடிவுகளை மீண்டும் கணக்கிட முடியும்.