இரவல் காப்பும் சொந்தக் காப்பும்

இந்நாட்டுப் பள்ளிகளில் முதலாம் ஆண்டில் சேரும் குழந்தைக்கு 7 வயதில் ஓர் ஊசி போடப்படுகிறது. இடைநிலைப் பள்ளியில் 15 வயதில் மற்றோர் ஊசி. முன்னது தொண்டை அடைப்பான், ரணஜன்னி ஆகிய இரு நோய்களையும் தடுப்பது. பின்னது ரணஜன்னியைத் தடுப்பது. இவற்றை அறியாத பெற்றோர் அரியர். ஆயின், இரண்டு நோய்களை ஓர் ஊசியில் இணைத்தது ஏன், கைக்குழந்தையாய் இருந்தபோது போட்ட ஊசியை மீண்டும் போடுவது ஏன் என்று வினவினால் விடை கூறுவோர் சிலரே. அவ்விடை ஒரு வரலாற்றில் அடங்கிக் கிடக்கிறது.

டிப்தீரியா எனப்படும் தொண்டை அடைப்பான் இருமலாலும் தும்மலாலும் ஆளுக்கு ஆள் பரவுவது. தொண்டையில் சாம்பல் நிறப் படலம் படர்ந்து மூச்சை அடைக்கும், இதயத்தையும் தாக்கும். டெட்டனஸ் எனப்படும் ரணஜன்னியின் இயல்பு வேறு. அதன் கிருமி மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் உறங்கிக் கிடந்து, புண் வழியே உடலிற் புகும். தாடை இறுகும், உடல் வில்லென வளையும். பற்கள் பொத்தானிட்டாற்போல் பூட்டிக்கொள்வதால் மலாய் மக்கள் இதனைக் ‘கஞ்சிங் கிகி’ என்பர். இவ்வாறு வேறுபட்ட இரு நோய்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் உயிரைக் குடிப்பது கிருமி உமிழும் நஞ்சேயாகும்.

இவ்வுண்மை படிப்படியாகவே புலனாயிற்று. 1884-இல் ஜெர்மனியில் நிக்கோலையர் என்பார் தோட்டத்து மண்ணை விலங்குகளின் உடலிற் செலுத்தி, அவை ரணஜன்னியுறுதலைக் கண்டார். அதே ஆண்டில் லோஃப்லர் தொண்டை அடைப்பான் கிருமியைத் தனியே வளர்த்தார். 1888-இல் பாரிஸ் நகரில் ரூவும் எர்சினும் அக்கிருமியை வடிகட்டி நீக்கிய பின்னும், எஞ்சிய நீர் விலங்குகளைக் கொல்லக் கண்டனர். நஞ்சு இருப்பது மெய்ப்பிக்கப்பட்டது. 1889-இல், பெர்லினில் ராபர்ட் கோக்கிடம் பயின்ற ஜப்பானிய அறிஞர் கிட்டசாட்டோ ரணஜன்னிக் கிருமியைத் தனித்துப் பிரித்தார்.

1890 டிசம்பரில் பேரிங்கும் கிட்டசாட்டோவும் தம் முடிபை வெளியிட்டனர். நஞ்சை எதிர்க்கும் ஆற்றல் பெற்ற விலங்கின் குருதியிலிருந்து எடுத்த சீரம் என்னும் தெளிநீர், பிற விலங்குகளையும் காக்கும் என்பதே அது. விரைவில் குதிரைகளின் சீரம் மனிதக் குழந்தைகளின் உயிரை மீட்கலாயிற்று. 1901-இல் மருத்துவத்துக்கான முதல் நோபெல் பரிசு பேரிங்குக்குக் கிடைத்தது. கிட்டசாட்டோவுக்கு அதிற் பங்கில்லை.

எனினும், சீரம் தருவது இரவல் காப்பே. குதிரை ஈட்டிய செல்வத்தை மனிதன் சில வாரம் வைத்திருந்து இழப்பான். அதில் இடரும் இருந்தது. 1901-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், ஜிம் என்னும் குதிரைக்கு ரணஜன்னி கண்டிருந்ததை உணராமல் எடுத்த சீரம், தொண்டை அடைப்பானுக்கு மருந்தாக வழங்கப்பட்டது. ஒரு நோயினின்று காக்கவந்த மருந்து மற்றைய நோயைத் தந்தது. 13 குழந்தைகள் மாண்டனர். அடுத்த ஆண்டே இத்தகைய மருந்துகளைக் கண்காணிக்க அமெரிக்கா சட்டம் இயற்றியது. இன்று ஊசி மருந்துகள் கடக்கும் சோதனைகளுக்குப் பின்னால் இத்தகைய துயரங்கள் உள்ளன.

சொந்தக் காப்புக்கு வழி கண்டவர் பிரெஞ்சு அறிஞர் ரமோன். ஃபார்மலினும் மிதவெப்பமும் நஞ்சின் கொடுமையைப் போக்கும். ஆயின் உடல் அதனை நஞ்சென்று அடையாளங்கண்டு எதிர்ப்பு வளர்க்கும் தன்மை கெடாது. 1920-களில் உருவான இம்முறையே இன்றைய ஊசிக்கும் அடிப்படை. இரு நோய்களின் நஞ்சுக்கும் இம்முறை பொருந்தியமையால், இரண்டையும் ஓர் ஊசியில் இணைத்தல் எளிதாயிற்று. இரண்டாம் உலகப் போரில் ரணஜன்னி ஊசி பெற்ற அமெரிக்கப் படையில், 27 இலட்சத்துக்கு மேற்பட்ட காயங்களிடையே ரணஜன்னி கண்டோர் 12 பேரே.

மலாயா விடுதலை பெற்ற மறு ஆண்டாகிய 1958-இல், கக்குவான் இருமலையும் சேர்த்து மூன்று நோய்களுக்கான ஊசி இங்குக் குழந்தைகளுக்கு வந்தது. 1974-இல் கருவுற்ற தாய்மார்க்கு ரணஜன்னி ஊசி தொடங்கிற்று. தூய்மையற்ற கத்தியால் தொப்புள்கொடியை அறுப்பதும், அப்புண்ணில் சாணம் முதலியன பூசுவதும் பச்சிளங் குழந்தைக்கு எமனாகும். தாய் பெற்ற காப்பு கருவிலேயே சேய்க்கு இரவலாகச் சென்று, பிறந்த சில மாதம் துணைநிற்கும். 1988-இல் உலகில் ஏறத்தாழ 7,87,000 பச்சிளங் குழந்தைகளைக் கொன்ற இந்நோய், 2018-இல் ஏறத்தாழ 25,000 உயிர்களைக் கொண்டது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. தாயின் இரவல் தீருமுன் சேய் சொந்தமாக ஈட்டவேண்டும். அதன்பொருட்டே 2, 3, 5 ஆகிய மாதங்களிலும் 18-ஆம் மாதத்திலும் ஊசி போடுகின்றனர். அச்செல்வமும் நாளடைவில் தேயும். தேய்வை நிரப்புவனவே 7 வயது ஊசியும் 15 வயது ஊசியும்.

‘ஊரார் பிள்ளைகள் போட்டுக்கொண்டால் போதாதா?’ என்பார் உளர். தொண்டை அடைப்பானைப் பொறுத்தமட்டில், பலர் காப்புப் பெற்றால் நோய் பரவ வழி குறுகும் என்பது உண்மையே. ஆயின் அவ்வேலியில் இடைவெளி விழுந்தால் நோய் மீளும். 2016-இல் கெடா, மலாக்கா மாநிலங்களிலும் 2019-இல் ஜொகூரிலும் அது சிறுவர் உயிரைப் பறித்தது. ரணஜன்னிக்கோ அவ்வேலியும் இல்லை. அது மனிதரிடமிருந்து வருவதன்று, மண்ணிலிருந்து வருவது. ஊர் முழுதும் ஊசி போட்டிருப்பினும், போடாத ஒருவனுக்கு அதனாற் பயனில்லை. ஒருமுறை அந்நோயுற்றுப் பிழைத்தவனுக்கும் எதிர்ப்பு உண்டாவதில்லை. அவனுக்கும் ஊசி வேண்டும்.

கோலசிலாங்கூர்த் தோட்டங்களில் செம்பனை மட்டையின் முள் தைக்காத கை அரிது. சுங்கை பெசார் வயல்களில் வெறுங்காலோடு இறங்காத சிறுவனும் அரியன். நம் மக்கள் மண்ணோடு வாழ்பவர்கள். அவர்களுக்கு இக்காப்பு மிகுதியும் தேவை. பெரியோரும் 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளல் நன்று. பள்ளி ஊசிக்குப் பெற்றோரின் இசைவு வேண்டும். இசைவுப் படிவம் மாணவன் பையில் மடங்கிக் கிடந்து, ஒப்பமின்றித் திரும்புவதும் உண்டு. பெரும்பாலும் அது மறுப்பன்று, அறியாமையின் தயக்கமே. ஆதலின், படிவத்தைக் கொடுத்தனுப்பும் ஆசிரியர், இரண்டு நோய்களையும் இரவலுக்கும் சொந்தத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் பெற்றோர்க்கு நல்ல தமிழில் எடுத்துரைப்பாராக. பத்து நிமிடப் பேச்சு போதும்.